ஆறாவது கேள்வி

அந்த அம்மா படிவத்தைக் கவிழ்த்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு கேள்விகள். பத்துக்கு டிக் அடித்திருந்தார். ஆறும் ஏழும் காலி. அவருக்கு முன்னால் வந்தவரின் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஆறு காலி. அதற்கும் முந்தைய தாளில் ஆறாவது கேள்விக்கு எதிரே பேனா முனையை ஊன்றி எடுத்த ஒரு புள்ளி மட்டும் இருந்தது. எழுத வந்து, எழுதாமல் விட்ட புள்ளி.

ஆறாவது கேள்வி, உடலுறவின்போது சிறுநீர் கசிகிறதா என்று கேட்கிறது. ஏழாவது, அப்படிக் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் உடலுறவைக் குறைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். தென் மாவட்டம் ஒன்றில், ஒரு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் யூரின் போய்விடுகிறது என்று வருவார்கள். முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் சேலை நனைந்துவிடுகிறது என்று வருவார்கள். அடி இறங்கியவர்கள், அதாவது கர்ப்பப்பை சரிந்தவர்கள், வருவார்கள். சிகிச்சைக்கு முன் எவ்வளவு சிரமம் இருந்தது, மூன்று மாதம் கழித்து எவ்வளவு குறைந்தது என்று அளந்தால்தான் நாங்கள் செய்வது பலிக்கிறதா என்று தெரியும். ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. இந்தச் சிரமத்தை அளக்கக் கேள்விப் படிவம்தான் கருவி.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு குறும்படிவம் புழக்கத்தில் இருந்தது. ஐ.சி.ஐ.க்யூ என்ற வரிசையைச் சேர்ந்தது, 2004-ல் வெளியானது. எத்தனை தடவை கசிகிறது, எவ்வளவு கசிகிறது, அன்றாட வாழ்க்கையை அது எவ்வளவு கெடுக்கிறது என்ற மூன்று பதில்களைக் கூட்டினால் 0 முதல் 21 வரை ஓர் எண் வரும். கடைசியாக, எப்போதெல்லாம் கசிகிறது என்று ஒரு பட்டியல். இருமும்போது, தும்மும்போது, தூங்கும்போது, உடலுழைப்பின்போது, சிறுநீர் கழித்து முடித்து உடையைச் சரிசெய்த பின்பு என்று போகும். நல்ல படிவம், இன்றும் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் உடலுறவு இல்லை. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் வேலை பார்த்தேன். அந்தக் குறை என் கண்ணில் பட்டதே இல்லை.

ஒரு நாள் ஒரு பெண், வயது முப்பத்தைந்து இருக்கும், பயிற்சியெல்லாம் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “இருமுறதுக்குச் சரியாயிருச்சு மேடம். ராத்திரியில போறதுக்கு மட்டும் எதுவும் பயிற்சி இருக்கா?” தூக்கத்தில் போவதைச் சொல்கிறார் என்று நினைத்து, படுக்கப் போகும்முன் தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அவர் எதைக் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. அதன்பின் அவர் வரவில்லை. இந்தப் படிவ வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் அவர்.

உடலுறவின்போது கசிவது அபூர்வமானதல்ல. இங்கிலாந்தின் நியூகாசிலில் பால் ஹில்டன் என்ற மருத்துவர் 1988-ல் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் புரட்டுகிற ஒன்று. சிறுநீர்க் கசிவுக்காக வந்த, தாம்பத்திய வாழ்க்கை உள்ள பெண்களிடம் அவர் நேரடியாகக் கேட்டபோது ஏறக்குறைய நாலில் ஒருவர் ஆமாம் என்றார். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆண் உறுப்பு உள்ளே நுழையும்போது கசிந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு உச்சத்தின்போது மட்டும். பரவலான தொல்லை, ஆனால் பெண்கள் அபூர்வமாகவே தாமாக வாய்திறந்து சொல்லும் தொல்லை என்று கட்டுரையின் தலைப்பிலேயே அவர் வைத்துவிட்டார். 2010-ல் உலக அளவில் இத்துறையின் கலைச்சொற்களை வரையறுத்தபோதும் இதைத் தனி அறிகுறியாகப் பெயரிட்டு, அந்த இரண்டு வகையையும் குறித்தார்கள்.

தமிழாக்க நாங்கள் எடுத்துக்கொண்டது பிஸ்க்-12 என்ற படிவம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா ராஜர்ஸ் குழுவினர் 2001-ல் 31 கேள்விகளோடு ஒரு நெடும்படிவம் உண்டாக்கி, 2003-ல் அதைப் பன்னிரண்டாகச் சுருக்கினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 48. எண் கூடினால் தாம்பத்தியம் நலமாக இருக்கிறது என்று பொருள்.

மொழிபெயர்ப்புக்கு ஒரு நடைமுறை உண்டு. இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்த்தே இராத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு குழு கூடி ஒப்பிட வேண்டும். எங்களுக்குத் தமிழாக்கிய இருவரில் ஒருவர் மருத்துவர், மற்றவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஆறாவது கேள்வி “பாலுறவுச் செயல்பாட்டின்போது உங்களுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடின்மை ஏற்படுகிறதா?” என்று வந்தது. திரும்ப ஆங்கிலத்துக்குப் போனபோது மூலத்தோடு ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. குழுவில் எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான்.

எங்கே தவறினோம் என்பது பின்னால்தான் விளங்கியது. ஆங்கிலத்தின் நிழலில் செய்த தமிழ் எப்போதும் ஆங்கிலத்துக்கு அழகாகத் திரும்பிப் போகும். பெண்கள் வாயில் புழங்கும் தமிழ் அப்படித் திரும்பாது. “அவுககூட இருக்கையில” என்பதைத் திருப்பினால் “அவருடன் இருக்கும்போது” என்றுதான் வரும். பொருந்தவில்லை என்று குழு அடித்துவிடும். மறுமொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பாளருக்கு வைக்கும் பரீட்சை. கேள்வி அந்தப் பெண்ணைப் போய்ச் சேர்ந்ததா என்பதை அது சோதிப்பதில்லை.

முதல் சுற்றில் தாள்கள் காலியாகத் திரும்பியபோது மூத்தவர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: நம் பெண்கள் கூச்சப்படுவார்கள், இதற்கெல்லாம் பதில் வராது. நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஒரு பெரிய தவறு செய்தேன். கணினியில் பதிவு செய்யும்போது காலியாக இருந்த இடங்களில் ‘ஒருபோதும் இல்லை’ என்று நிரப்பும்படி எனக்குச் சொல்லப்பட்டது. தொல்லை இருந்தால் டிக் அடித்திருப்பார்களே என்பது வாதம். நிரப்பினேன். ‘ஒருபோதும் இல்லை’ என்றால் முழு மதிப்பெண், நான்கு. சொல்லத் தயங்கிய பெண்களையெல்லாம் என் கையாலேயே நலமானவர்கள் ஆக்கினேன். அந்தக் கணக்குப்படி எங்கள் பகுதியில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

விதிப்படி செய்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டோம். பிஸ்க்-12-ல் இரண்டு கேள்விகள் வரை விடுபடலாம். மற்ற பதில்களின் சராசரியை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கி மொத்தத்தைப் போட்டுக்கொள்ளலாம். நியாயமான விதிதான். எங்கள் பெண்கள் விட்ட இரண்டும் பெரும்பாலும் ஆறும் ஏழுமாக இருந்தன. எதை அளக்கப் படிவத்தை எடுத்தோமோ அது மட்டும் சராசரிக்குள் கரைந்து போகும். தாள் சுத்தமாக இருக்கும், மொத்த எண்ணும் இருக்கும், நோய் மட்டும் தெரியாது.

பேனாப் புள்ளி வைத்த அந்தத் தாள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கூச்சம் என்றால் ஐந்தாவது கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னார்? உறவின்போது வலிக்கிறதா என்பது ஐந்து. பத்தாவதும் பதினொன்றாவதும் கணவரின் விறைப்பையும் விந்து முந்துவதையும் பற்றியவை. அதற்கெல்லாம் டிக் இருக்கிறது. கணவரைப் பற்றிச் சொல்லக் கூசாதவர் இதற்கு மட்டும் கூசுவாரா? பதிவை நிறுத்தினேன். நிரப்பியதையெல்லாம் அழித்தேன். திட்டப் பொறுப்பாளரிடம் சொல்லி, கேள்விகள் விளங்குகின்றனவா என்று பெண்களைப் பேட்டி காண்பதிலிருந்து மறுபடி தொடங்க அனுமதி கேட்டேன். இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைத்தது.

இந்தப் பேட்டி எளிமையானது. கேள்வியைப் படித்துக் காட்டிவிட்டு, பதிலைக் கேட்காமல், இது எதைக் கேட்கிறது என்று உங்களுக்குப் படுகிறது, உங்கள் அக்காவிடம் இதையே கேட்பதாக இருந்தால் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்பது. ஊசி போடும் அறையில், மதியம் மூன்று மணிக்கு மேல், கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் ஒருவராக உட்கார்ந்தோம்.

‘கட்டுப்பாடின்மை’ யாருக்கும் விளங்கவில்லை. ஒருவர் அதைக் குடும்பக் கட்டுப்பாடு என்று எடுத்துக்கொண்டார். “ஆபரேஷன் பண்ணியாச்சும்மா” என்றார். சரி, ‘நீர்க் கசிவு’ என்று மாற்றிப் பார்த்தோம். அதற்கு ஆமாம் ஆமாம் என்று பதில் வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். “ரெண்டு வருசமா இருக்கு. உடம்புச் சூடுதான். வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கிறேன்” என்று ஒருவர் சொன்னபிறகுதான் அவர் வெள்ளைப்படுதலைச் சொல்கிறார் என்று புரிந்தது. உறவின்போது சாதாரணமாகச் சுரக்கும் ஈரத்தையும், முடிந்தபின் வெளியேறும் விந்தையும் சேர்த்து ‘தண்ணி போகுது’ என்றவர்களும் உண்டு. பதில் வராததைவிட, வேறொன்றுக்குப் பதில் வருவது ஆபத்து. காலியிடம் கண்ணில் படும், இது படாது.

‘உங்களை அறியாமல் சிறுநீர் போகிறதா’ என்று ஒரு திருத்தம் எழுதினோம். மருத்துவத் தமிழில் வழக்கமாகப் போடும் தொடர். ஒரு பூ வியாபாரம் செய்யும் அம்மா அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார்: “அறியாம எங்கம்மா போகுது? தெரியத்தான் செய்யுது. அடக்கத்தான் முடியல.” அன்றிலிருந்து எங்கள் படிவத்தில் ‘அடக்க முடியாமல்’ என்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லை எங்களுக்குத் தந்தது அவர்தான்.

சிறுநீர் என்பது தாளில் படிக்கும் சொல், வாய்ச்சொல் அல்ல. ஒண்ணுக்கு என்று எழுதலாம் என்றேன். அந்தப் பெண்களே தடுத்தார்கள், டாக்டர் பார்க்கிற காகிதத்தில் அப்படி எழுதினால் மரியாதையாக இல்லை என்றார்கள். யூரின் என்று போடுங்கள் என்றார்கள். லேபில் டப்பாவை நீட்டிக் கேட்பது அந்தச் சொல்லால்தான். நகரத்துப் பெண்ணும் கிராமத்துப் பெண்ணும் கூசாமல் சொல்லும் ஒரே சொல் அது. தமிழாசிரியைக்கு வருத்தம்தான். ஆனால் இரண்டு பேட்டிகளில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபின் அவரே கையெழுத்துப் போட்டார்.

மண்டபம் முகாமிலிருந்து வந்த இலங்கைப் பெண் ஒருவர் “சலம் போகுது” என்றார். எங்களோடு இருந்த நர்ஸ் உடனே புண் எங்கே என்று தேடினார். இங்கே சலம் என்றால் சீழ். அங்கே சலம்தான் சிறுநீர். இலங்கையில் தமிழ் பேசும் பெண்களிடம் சிறுநீர்க் கோளாறுப் படிவம் சரிபார்க்கப்பட்டு வெளியாகியிருக்கிறது. அதையே இங்கே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் இந்த ஒரு சொல்தான்.

உடலுறவு என்ற சொல்லைப் பலர் பத்திரிகையின் குற்றச் செய்தியில்தான் படித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் முகம் இறுகியது. ‘ஒன்றாக இருக்கும்போது’ என்று இடக்கரடக்கலாகக் கேட்டால், “ஒண்ணாத்தான் இருக்கோம், மாமனார் மாமியாரோட” என்று வந்தது. வார இதழ்களின் மருத்துவப் பகுதிகள் பழக்கிவிட்ட ‘தாம்பத்திய உறவு’தான் கடைசியில் நின்றது. கணவர் அல்லாத துணை உள்ளவர்களும் உண்டு என்பதால் ‘கணவர் / துணைவர்’ என்று போட்டோம்.

உச்சம்தான் தீராத சிக்கல். ‘முடியும்போது கசிகிறதா’ என்று கேட்டால் முடிவது யாருக்கு? கணவருக்கு என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். தனக்கென்று ஒரு முடிவு உண்டு என்பதை அந்தக் கேள்வி அவர்களிடம் சொல்லவே இல்லை. ஹில்டன் சொன்ன இரண்டு வகையைப் பிரிக்காவிட்டால் சிகிச்சையும் குழம்பும். நுழையும்போது கசிவது பெரும்பாலும் இருமினால் கசிகிறதே, அந்தத் தளர்ச்சியைச் சேர்ந்தது. உச்சத்தில் கசிவதற்குப் பல நேரம் மூத்திரப்பையே அடக்கமின்றிச் சுருங்குவது காரணமாக இருக்கும். முதலாவதற்குத் தசைப் பயிற்சி முதல் படி. இரண்டாவதற்கு மருந்தும் தேவைப்படலாம். மூலப் படிவத்தில் இந்தப் பிரிவு இல்லை, நாங்களாகச் சேர்க்கவும் முடியாது. ஆகவே தாளில் எழுதாமல், ஆமாம் என்றவர்களிடம் மட்டும் நான் வாயால் கேட்டேன்: ஆரம்பத்திலேயேவா, இல்லை உங்களுக்கு உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போதா? பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சொன்னார்கள்.

அச்சிலும் ஒரு கண்ணி இருந்தது. ‘எப்போதும்’, ‘எப்போதாவது’ இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. வெள்ளெழுத்து உள்ளவர் அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒன்றின் மதிப்பு 0, இன்னொன்றின் மதிப்பு 3. ‘எப்போதாவது’ என்பதை எடுத்துவிட்டு ‘அபூர்வமாக’ என்று போட்டோம்.

அடுத்தது மறுசோதனை. அதே பெண்ணிடம் இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளைக் கேட்டால் ஏறக்குறைய அதே பதில் வர வேண்டும். எங்களுக்கு மற்றக் கேள்விகள் நின்றன, ஆறாவது ஆடியது. முதலில் ‘சில சமயம்’ என்றவர்கள் இரண்டாம் முறை ‘ஒருபோதும் இல்லை’ என்றார்கள். இந்தக் கேள்வி நிலையற்றது, எடுத்துவிடலாம் என்று புள்ளியியலாளர் சொன்னார். தேதிகளைக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். முதல் சுற்று ஐப்பசிக் கடைசி. இரண்டாவது கார்த்திகை. ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, “அவுக மாலை போட்டுருக்காகம்மா. இப்பப்போயி இதைக் கேக்குறீகளே” என்றார். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் விரதம், வீட்டில் தனிப்பாய். உறவே இல்லாதபோது கசிவு எப்படி இருக்கும்? படிவத்தின் தலையில் ‘கடந்த ஆறு மாதங்களை நினைத்துப் பதில் சொல்லுங்கள்’ என்று அச்சடித்திருந்தோம். யாரும் தலைப்பைப் படிப்பதில்லை. பிறகு “சித்திரைத் திருவிழாவில இருந்து இன்னைக்கு வரைக்கும்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித் தொடங்கினோம். பதில்கள் ஆடுவது வெகுவாகக் குறைந்தது. பின்னாளில் வந்த பிஸ்க்-ஐ.ஆர் படிவத்தில் தாம்பத்திய உறவு இல்லாத பெண்களுக்கென்று தனிப் பகுதியே வைத்திருப்பதைப் பார்த்தபோது, வேறு நாடுகளிலும் இதே இடத்தில் யாரோ இடறியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

யார் கேட்பது என்பதும் படிவத்தின் பகுதிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கணவர் படித்துக் காட்டி, அவரே டிக் அடித்துக் கொடுத்த தாள்கள் எங்களிடம் இருந்தன. அவற்றை ஒதுக்கினோம். மாமியார் பக்கத்தில் இருந்தால் ஆறாவது கேள்வியைத் தொடவே கூடாது. பயிற்சிக்கு வந்த மாணவிகள் கெட்டிக்காரிகள், கனிவாகத்தான் கேட்டார்கள். இருந்தும் “கல்யாணம் ஆகாத பிள்ளைகிட்ட எப்படிம்மா சொல்ல” என்று பலர் எழுந்து என்னிடம் வந்தார்கள். ஆண் மருத்துவரிடம் சொல்வார்களா என்ற கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

கடைசியில் ஆல்ஃபா. லீ குரோன்பாக் 1951-ல் கொடுத்த கணக்கு. படிவத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று பார்ப்பது. 0.70 தாண்ட வேண்டும் என்பது வழக்கம். எந்தக் கேள்வியை நீக்கினால் எண் எவ்வளவு ஏறும் என்று மென்பொருளே ஒரு பட்டியல் தரும். நீக்கிவிட ஆசை வரும். எண் ஏறினால் கட்டுரை எளிதாக வெளியாகும். ஆறாவதை நீக்க நான் ஒப்பவில்லை. எண்ணுக்காக அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்ட அந்தப் பெண் மறுபடியும் பதில் இல்லாமல் போவார்.

சொற்களை மாற்றி, கதவைச் சாத்தி, தனியாகக் கேட்ட பிறகு காலியிடங்கள் அருகிவிட்டன. பெண்கள் மாறவில்லை, அதே ஊர், அதே கூச்சம். ஏழு வருடமாகத் தனியே படுப்பதற்கு முதுகுவலியைக் காரணம் சொல்லிவந்ததாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் உறவுக்கு முந்தைய நாள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றார். அழுக்குப் பட்டுவிடும் என்று கணவர் ஒதுங்குகிறாரோ என்ற சந்தேகத்தோடு வாழ்ந்தவரிடம், உறவுக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போகவும், தசையை இறுக்கிப் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டு வாரம் தவறாமல் வந்தார். இரண்டாவது தாளில் ஆறாவது கேள்விக்கு ‘அபூர்வமாக’ என்று அவரே டிக் அடித்தார். கேள்வியைச் சரியாகக் கேட்டால் நம் பெண்கள் பதில் சொல்கிறார்கள். கூச்சம் என்று நாங்கள் எழுதி வைத்ததில் பாதிக்கு மேல் எங்கள் தமிழின் குற்றம்.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். தாள் கைக்கு வந்ததும் மொத்தத்தைக் கூட்டாதீர்கள். முதலில் ஆறாவது கேள்வியைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் டாக்டர் அறைக்கு அனுப்பிவிடாதீர்கள். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, அவர் பேசும் சொல்லிலேயே ஒரு தடவை கேளுங்கள்.